தையில் இளகும் கால்வாய்

தெற்குக் காற்று

பனிக்காலம் தன் முழுப் பலத்தோடு நிற்கவேண்டிய ஜனவரி நடுப்பகுதியில், ஒட்டாவாவுக்குத் தெற்கிலிருந்து ஒரு காற்று வரும். மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்து ஈரத்தையும் சூட்டையும் அள்ளிக்கொண்டு, ஒரு தாழமுக்கத்துக்கு முன்னால் வருகிற காற்று. முதல்நாள் காலை மைனஸ் 15 பாகை காட்டிய வெப்பமானி மறுநாள் மாலை 5 பாகையைத் தொட்டுவிடும். கூரை ஓரத்து ஐஸ் விழுதுகள் சொட்டத் தொடங்கும். வீதியோரப் பனிக்குவியல்கள் கறுத்து உள்வாங்கும். சனம் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு நடக்கும். பஸ் தரிப்பிடத்தில் முன்பின் அறியாதவர்கள்கூட முகம் பார்த்து, நல்ல நாள் என்று சொல்வார்கள்.

இந்தப் பக்கத்தில் இதற்கு 'ஜனவரி இளக்கம்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. மாதத்தின் 20ஆம் திகதியை ஒட்டி அது வந்தே தீரும் என்பது ஊர்ப் பெரியவர்களின் நம்பிக்கை. அந்த நாட்களுக்கென்று தனி விதி இருக்கிறதா என்று வானிலையாளர்கள் நெடுநாளாக விவாதிக்கிறார்கள். ஆனால் இளக்கமே வராத பனிக்காலம் இங்கே அரிது. முன்பு அது ஓரிரு நாள் தங்கிவிட்டுப் போகும். இப்போது நெடுநேரம் தங்குகிறது, அடிக்கடி திரும்பியும் வருகிறது.

உடம்பு மகிழ்கிற அதே மணிநேரத்தில் கால்வாயில் ஐஸ் மெலிகிறது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருக்கப் பழகுவதற்காகவே இவற்றை எழுதுகிறேன்.

போருக்கு வெட்டிய வழி

ரீடோ கால்வாய் போரை எண்ணி வெட்டப்பட்டது. 1812இல் தொடங்கிய போருக்குப் பிறகு, அமெரிக்கப் படை மறுபடியும் வந்து செயின்ட் லோரன்ஸ் ஆற்றை மறித்துவிட்டால் மொன்றியலிலிருந்து கிங்ஸ்டனுக்குப் படையும் பண்டமும் போக வேறு வழி வேண்டும் என்று பிரித்தானியர் நினைத்தார்கள். லெப்டினன்ட் கேணல் ஜோன் பை தலைமையில் 1826இல் வேலை தொடங்கியது. 1832இல் 202 கிலோமீற்றர் நீர்வழி திறந்தது. அயர்லாந்திலிருந்து வந்த கூலியாட்களும் பிரெஞ்சுக் கனேடியத் தொழிலாளரும் கற்சுத்தியலோடும் மண்வெட்டியோடும் காட்டையும் சதுப்பையும் வெட்டினார்கள். காய்ச்சலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதில் மலேரியாவும் ஒன்று. அவர்கள் வெட்டிய வழியில் போர் ஒருநாளும் வரவில்லை.

வந்தது விளையாட்டு. தேசியத் தலைநகர ஆணைக்குழுவுக்கு டக்ளஸ் புல்லர்ட்டன் தலைவராக இருந்தபோது, நகரத்தின் நடுவே உறைந்து கிடக்கும் கால்வாயில் மக்கள் ஏன் சறுக்கக்கூடாது என்ற எண்ணம் செயலுக்கு வந்தது. தேசியக் கலை மையத்துக்கு அருகே ஒரு சிறு பட்டியைத் தும்புத்தடியாலும் சவளாலும் துப்புரவாக்கி, 1971 ஜனவரி 18ஆம் திகதி திறந்தார்கள். முதல் வார இறுதியிலேயே ஏறத்தாழ 50,000 பேர் வந்தார்கள். இன்று அந்தச் சறுக்குவழி 7.8 கிலோமீற்றர். நாடாளுமன்றக் குன்றின் அருகிலிருந்து டௌஸ் ஏரியைக் கடந்து ஹார்ட்வெல்ஸ் மதகு வரை போகிறது. 1971–72 பருவத்தில் 95 நாட்கள் சறுக்கினார்கள். இதுவரைக்கும் அதுதான் மிக நீண்ட பருவம்.

இந்த வழியில் கட்டணம் இல்லை, வாயில் இல்லை, சீட்டு இல்லை. முதுகுப் பையோடு வேலைக்குச் சறுக்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அமைச்சரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே பலகை வாங்கில் குந்தி நாடாக் கட்டுகிறார்கள். ஒரு நகரம் தன் மக்களுக்கு ஏழெட்டு வாரம் மட்டும் திறந்துவிடும் பொதுநிலம் அது. அந்த நிலத்தை உண்டாக்குவது குளிர்.

குளிரின் கணக்கு

ஐஸ் மேலிருந்து கீழ்நோக்கித் தடிக்கிறது. தண்ணீருக்கு 4 பாகையில்தான் அடர்த்தி அதிகம். அதற்கும் கீழே குளிர்ந்த நீர் இலேசாகி மேலே நிற்கும், மேலே நின்றபடி உறையும். முதல் தோல் படிந்ததும் வேலை கடினமாகிறது. கீழே உள்ள நீர் உறையவேண்டுமானால் தன் சூட்டை வெளியேற்றவேண்டும். அந்தச் சூடு, ஏற்கெனவே உறைந்திருக்கும் ஐஸ் ஊடாகத்தான் மேலே ஏறிக் காற்றில் கலக்கவேண்டும். ஆகவே தடிக்கத் தடிக்க ஐஸின் வளர்ச்சி மந்தமாகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், துருவக் கடலுக்குப் போனவர்கள் எடுத்துவந்த அளவைகளை வைத்து யோசெப் ஸ்ரெஃபான் என்ற ஒஸ்ரிய இயற்பியலாளர் இதற்கு ஒரு விதி எழுதினார். தடிப்பு, சேர்ந்த குளிரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எளிமையாகச் சொன்னால், 10 சென்ரிமீற்றர் ஐஸ் பிடிக்க ஒரு பங்கு குளிர் போதும் என்றால் 30 சென்ரிமீற்றருக்கு ஒன்பது பங்கு வேண்டும்.

கால்வாயைத் திறக்கத் தேவைப்படும் தடிப்பு அந்த 30 சென்ரிமீற்றர்தான். கூட்டத்தையும், பனி வழிக்கும் வண்டிகளையும் தாங்குவதற்கு அவ்வளவு வேண்டும்.

அம்மம்மாமார் முந்தானையில் முடிந்து வைக்கும் சிறுவாட்டுக் காசைப்போல, இரவு இரவாகச் சேர்ந்த குளிர் அது. மூன்று நாள் இளஞ்சூடு தடிப்பின் கடைசிச் சில சென்ரிமீற்றரைத்தான் எடுத்துப்போகும். ஆனால் சேர்ப்பதற்கு மிகவும் கடினமாக இருந்தவை அந்தக் கடைசிச் சென்ரிமீற்றர்களே. மூன்று நாளில் போனதை மூன்று நாளில் திரும்பப் பெறமுடியாது. ஒரு கிழமை கடுங்குளிர் வேண்டும், சில வேளை அதற்கும் மேல். அதற்கிடையில் அடுத்த தெற்குக் காற்று வந்துவிட்டால் கணக்குத் திரும்பவும் பின்னுக்குப் போகும். வெளியே மைனஸ் 12 பாகையாக இருக்கும்போதும் கால்வாய் ஏன் மூடிக் கிடக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. இன்றைய குளிரை மட்டும் வைத்து ஐஸைக் கணிக்கமுடியாது. பருவம் முழுவதையும் அது தன்னுள் எழுதி வைத்திருக்கிறது.

துளைக்குள் தெரிந்தது

ஆணைக்குழுவின் வேலையாட்கள் ஐஸில் துளைபோட்டு அளப்பதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். துளைகருவி சுழன்று இறங்கும்போது முதலில் வெள்ளைத் துருவல் வெளியே வரும். இன்னும் ஆழத்தில் தெளிந்த துகள்கள் வரும். பிறகு திடீரெனத் தண்ணீர் பொங்கி மேலே நிரம்பும். வெட்டி எடுத்த ஐஸ் உருளையைக் கையில் பிடித்து நிமிர்த்திப் பார்ப்பார்கள். மேல் பாதி பால் வெள்ளை. பனி கொட்டி, இளஞ்சூட்டில் ஊறி, கூழாகி, மறுபடியும் உறைந்த பகுதி அது. உள்ளே ஊசிமுனை அளவான காற்றுக் குமிழிகள் அடைந்திருக்கும். கீழ்ப் பாதி ஊடுருவிப் பார்க்கக்கூடிய கருநீலம். மெதுவாக, காற்றில்லாமல் உறைந்த பகுதி. வெள்ளை ஐஸின் பலம் தெளிந்த ஐஸின் பலத்தில் ஏறத்தாழ பாதி என்று பாதுகாப்புக் கையேடுகள் சொல்லுகின்றன.

ஆகவே தடிப்பை மட்டும் பார்த்தால் போதாது. எப்படித் தடித்தது என்றும் பார்க்கவேண்டும். ஒவ்வோர் இளக்கமும் அந்த உருளையில் ஒரு வெள்ளைக் கோடாக நிற்கும்.

பருவத் தொடக்கத்தில் வேலையாட்கள் ஐஸில் துளையிட்டுக் கீழே இருக்கும் நீரை மேலே இறைத்துப் பரப்புவார்கள். மெல்லிய படலம் படலமாக அது உறையும். விழும் பனியையும் உடனுக்குடன் வழிப்பார்கள், ஏனென்றால் பனி ஒரு போர்வை. அது மூடினால் குளிர் உள்ளே இறங்காது. இந்த வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. நகரம் உறங்கும் நேரத்தில் யாரோ குழாயோடு நின்று நீர் பாய்ச்சுவதால்தான் காலையில் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த நிலை, அந்தப் பொறுமை, இரண்டும் பழக்கமானவை.

ஒரு அடி

கால்வாய் திறந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாம் அவெனியூப் படிக்கட்டின் கீழே ஒரு தமிழ்க் குடும்பம். ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை சறுக்குச் சப்பாத்தோடு ஐஸில் நிற்கிறாள். அம்மம்மா படியின் கடைசித் தட்டில், ஒரு கை கம்பியில், சேலைக்கு மேல் நீண்ட பனி ஜாக்கெட்.

"வாங்கோ அம்மம்மா, பயப்பிடாதேங்கோ."

"நீ போ பிள்ளை. நான் இதில நிண்டு பாக்கிறன்."

"ஒண்டும் நடக்காது. கீழ ஒரு அடிக்கு ஐஸ் இருக்கு."

"ஆர் சொன்னது?"

"அங்க பச்சைக் கொடி போட்டிருக்கு."

அம்மம்மா கொடியைப் பார்த்தார். பக்கத்தால் போகும் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவர் குழந்தையைச் சறுக்குவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு கிழவர் கையைப் பின்னால் கட்டியபடி நிதானமாகச் சறுக்கிப் போனார். அம்மம்மா சப்பாத்தின் நுனியை முதலில் வைத்தார். பிறகு முழுப் பாதத்தை. பேர்த்தி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சறுக்கினாள். நாலைந்து எட்டு வைத்ததும் அம்மம்மாவின் தோள் தளர்ந்தது. நிமிர்ந்து சுற்றிவரப் பார்த்தார்.

கனடாவுக்கு வந்த பிறகு அவர் பனிக்காலத்தைச் சன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்திருக்கக்கூடும். அன்றைக்கு அதன் மேல் நின்றார். ஒரு தேசத்தின் மேல் நிற்பது என்பது சட்டத்தில் ஓர் அர்த்தம், காலில் வேறோர் அர்த்தம். பச்சைக் கொடி, அந்தக் கூட்டம், அந்த ஒரு அடித் தடிப்பு என எல்லாமாகச் சேர்ந்து அவரை நம்பவைத்தன. நம்பவைப்பது ஐஸின் மிகப் பெரிய வேலை. இளஞ்சூடு முதலில் கெடுப்பதும் அதைத்தான்.

கொடி சிவப்பாகவே நின்ற ஆண்டு

2022–23 பனிக்காலத்தில் அந்தப் பச்சைக் கொடி ஏறவேயில்லை. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சறுக்குவழி வரலாற்றில் ஒரு நாள்கூடத் திறக்காத முதல் பருவம் அது. படிகள் கட்டப்பட்டிருந்தன. வேலையாட்கள் ஆயத்தமாக இருந்தார்கள். 1979 முதல் நடந்துவரும் வின்ரர்லூட் விழா கால்வாய் இல்லாமலே நடந்தது. குளிர் வரும், சில நாள் நிற்கும், அடுத்த இளக்கம் அதை அழிக்கும். பெப்ரவரி 24ஆம் திகதி, இனித் திறக்க வழியில்லை என்று ஆணைக்குழு அறிவித்தது.

அடுத்த ஆண்டு, 2024 ஜனவரி 21ஆம் திகதி, ஒரு பகுதி திறந்தது. சனம் ஓடிப் போனது. இரண்டு ஆண்டுத் தாகம். சில நாட்களிலேயே மழையும் இளஞ்சூடும் வந்து மூடவேண்டியதாயிற்று. அந்தப் பருவம் முழுவதிலும் கூட்டினால் 10 நாட்கள்தான் சறுக்கமுடிந்தது. 1948 முதல் உள்ள தேசியப் பதிவுகளில் கனடாவின் மிகச் சூடான பனிக்காலம் அது. எல் நினோவும் அதில் ஒரு பங்கு வகித்தது. அதற்கடுத்த 2025 ஜனவரி 11ஆம் திகதி கால்வாய் திறந்து, மார்ச் வரை 50 நாட்களுக்கு மேல் நிலைத்தது. பழைய நாட்கள் திரும்பிவிட்டன என்று பலர் சொன்னார்கள்.

அவர்களுடைய மகிழ்ச்சியை நான் மறுக்கமாட்டேன். நானும் அதில் பங்குபற்றினேன். ஆனால் ஒரு நல்ல ஆண்டு வருவதால் போக்கு மாறிவிடாது. முன்பெல்லாம் கால்வாய் எப்போது திறக்கும் என்று கேட்டோம். இப்போது திறக்குமா என்று கேட்கிறோம். அந்தச் சிறு மாற்றத்துக்குள் ஒரு தலைமுறையின் அனுபவம் அடங்கியிருக்கிறது.

கொல்லைப்புறத்து ஐஸ்

கால்வாய் எல்லோர் கண்ணிலும் படுகிறது. வீட்டுக் கொல்லைப்புறங்களில் உருகுவதை யாரும் செய்தியாக்குவதில்லை. கனடாவில் பின்வளவில் நாலு பக்கமும் பலகை அடித்து, தறப்பாள் விரித்து, நீர் பாய்ச்சிச் சறுக்குதளம் அமைப்பது தகப்பன்மார், தாய்மார் பலர் செய்யும் வேலை. இரவு உணவுக்குப் பிறகு பூந்தோட்டக் குழாயோடு நிற்பார்கள். பெரிய ஹொக்கி வீரர்கள் பலர் இப்படிப்பட்ட தளங்களில் நடை பழகியவர்கள். வெயின் கிரெட்ஸ்கிக்கு ஒன்ராறியோவின் பிரான்ட்ஃபோர்டில் அவருடைய தகப்பன் கட்டிய கொல்லைப்புறத் தளம் இந்த நாட்டில் எல்லோரும் அறிந்த கதை.

எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டுக்காரர் ஓர் இளக்கத்தின் இரண்டாம் நாள் தன் தளத்தின் ஓரத்தில் நிற்பதைப் பார்த்தேன். ஐஸின் மேல் இரண்டு விரல்கடைத் தண்ணீர். மகன் விட்டுப்போன கறுத்த ஹொக்கி வில்லை வெயிலை உள்வாங்கி, தன்னைச் சுற்றி ஐஸை உருக்கி, தன் வடிவத்துக்கே ஒரு குழி தோண்டி அதற்குள் இறங்கியிருந்தது. அவர் குனிந்து அதை எடுத்தார். குழியின் விளிம்பு அவ்வளவு சுத்தமான வட்டம். வேலியடியில் நின்று பேசினோம். குளிர் திரும்பினால் மறுபடி ஊற்றலாம் என்றார். தறப்பாளின் ஒரு மூலையை உயர்த்தித் தண்ணீரை வடியவிட்டார்.

2013இல் வில்ஃப்ரிட் லோரியர் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ரிங்க்வோச் என்ற பெயரில், கொல்லைப்புறத் தளம் வைத்திருப்பவர்களிடம், இன்று சறுக்கமுடிந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டுப் பதியத் தொடங்கினார்கள். வட அமெரிக்கா எங்கும் குடும்பங்கள் பதில் எழுதின. ஏறத்தாழ மைனஸ் 5 பாகைக்குக் கீழே நாள் சராசரி நின்றால்தான் தளம் நிலைக்கும் என்பது அந்தப் பதிவுகளிலிருந்து தெளிவாயிற்று. ஜப்பானில் சுவா ஏரி உறைந்து, ஐஸ் வெடித்து மேடாக எழும் நாளை, கோயில் பூசகர்கள் 1443 முதல் எழுதி வைத்துவருகிறார்கள். இன்றும் நடுப்பனிக்காலத்தில் விடியமுன் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்க்கிறார்கள். அண்மைய ஆண்டுகளில் ஏரி பல தடவை உறையாமலே போகிறது. உறையவில்லை என்பதையும் எழுதுகிறார்கள். இல்லாததையும் பதிவது ஒரு வழிபாடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்முடைய ஊர்க் கொல்லைப்புறத்துப் பதிவும் அதே வரிசையில் வருகிறது.

கால் அறியாத மெலிவு

இளஞ்சூட்டின் மிகப் பெரிய ஆபத்து அது போன பிறகுதான் தொடங்குகிறது. குளிர் திரும்பிய முதல் காலை எல்லாம் மறுபடியும் வெள்ளையாகத் தெரியும். மேலே புதுத் தோல் படிந்திருக்கும். கீழே ஊறிப்போன ஐஸ். பாலத்தின் அடியில், ஓடை வந்து விழும் இடத்தில், மழைநீர்க் குழாயின் வாயருகே மெலிவு இன்னும் கூடும். வீதியில் தூவிய உப்பும் உருகிய நீரோடு வந்து சேரும்.

ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்துச் சப்னா சர்மாவும் அவருடைய தோழர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பத்து நாடுகளில் பனிக்காலத்தில் நீரில் மூழ்கி இறந்த 4,000க்கு மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்தது. கடுங்குளிர் ஆண்டுகளில் சாவு குறைவு. பனிக்காலச் சராசரி மைனஸ் 5 பாகைக்கும் 0 பாகைக்கும் இடையில் நிற்கும்போதுதான் மிகக் கூடுதலானோர் இறந்தார்கள். ஐஸ் இருக்கிறது, ஆனால் போதாது. அந்த இடைவெளியில்தான் உயிர் போகிறது.

சிம்கோ ஏரியில் குடில் வைத்து ஐஸைத் துளைத்து மீன்பிடிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். இரும்புக் கடப்பாரையால் முன்னே தட்டித் தட்டி நடப்பார்கள். ஐஸ் கிறீச்சிட்டாலோ தடாரென்று முழங்கினாலோ புதியவர்கள் பயப்படுவார்கள். கடுங்குளிரில் ஐஸ் சுருங்கும்போது எழும் ஓசை அது. தடித்த ஐஸுக்கு அந்தக் குரல் இயல்பு. ஊறிப்போன ஐஸ் பேசாமல் கிடக்கும். முன்னோர் சொல்லித்தந்த அறிகுறிகள் பழைய பனிக்காலத்துக்கு உரியவை. இன்ன மாதத்தில் இந்த முனையில் நடக்கலாம் என்ற ஊரறிவு இனித் தனியாக நின்று காப்பாற்றாது. ஒவ்வொரு முறையும் அளந்துதான் காலெடுத்து வைக்கவேண்டும். மண்ணோடும் நீரோடும் பழகியவர்களின் அறிவு இப்படிச் செல்லாக்காசாவது எனக்கு மிகுந்த துயரம் தருகிறது.

ஃபிரீஸ்லாந்தில் காத்திருப்பவர்கள்

நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்தில் பதினொரு நகரங்களை உறைந்த நீர்வழிகள் ஊடாகச் சுற்றிவரும் ஒரு பெரும் சறுக்குப் பயணம் உண்டு. எல்ஃப்ஸ்டேடன்டோக்ட் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 200 கிலோமீற்றர், ஒரே நாளில். முதல் பயணம் 1909 ஜனவரியில் நடந்தது. இதுவரை 15 தடவைதான் நடந்திருக்கிறது. வழி நெடுகிலும் 15 சென்ரிமீற்றர் ஐஸ் இருந்தால்தான் நடத்துவார்கள். 22 பகுதித் தலைவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் துண்டை அளப்பார்கள். மெலிந்த இடத்தில் வேறிடத்து ஐஸை வெட்டி வந்து ஒட்டவைப்பார்கள். ஒட்டமுடியாத இடத்தில் கரையில் கம்பளம் விரிப்பார்கள், சறுக்குச் சப்பாத்தோடே நடந்து கடப்பார்கள்.

கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4ஆம் திகதி. 2012 பெப்ரவரியில் குளிர் இறங்கியபோது நாடே விழித்திருந்தது. நகரங்களில் தன்னார்வலர்கள் பனி வழித்தார்கள். ஆயத்தம் எல்லாம் முடியும் தறுவாயில், தென்பகுதியில் ஐஸ் போதாது என்று 8ஆம் திகதி அறிவித்தார்கள். பிறகு இளகிவிட்டது. 1989 முதல் டச்சுக்காரர்கள் ஒஸ்ரியாவின் வைசன்சே ஏரிக்குப் போய், அதே 200 கிலோமீற்றரை வட்டம் வட்டமாகச் சறுக்கிவருகிறார்கள்.

அந்தக் கழகம் கலையவில்லை. உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள். பகுதித் தலைவர்கள் பதவியில் இருக்கிறார்கள். 1997க்குப் பிறகு பிறந்த இளைஞர்கள், தாங்கள் ஒருமுறையும் காணாத நாளுக்காகப் பயிற்சி எடுக்கிறார்கள். நம்பிக்கைக்கு இவ்வளவு நேர்த்தியான நிர்வாகம் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இழப்பு இப்படி ஒழுங்காகக் காத்திருக்கவும் பழக்குகிறது.

இயந்திரக் குளிர்

பணம் இருந்தால் பனியும் செய்யலாம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் அமெரிக்கன் பேர்க்கபைனர் என்ற நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டியை 2024 பெப்ரவரியில், இயந்திரம் கக்கிய பனி பரப்பிய 10 கிலோமீற்றர் வட்டத்தில் நடத்தினார்கள். சுற்றிலும் பழுப்புப் புல், நடுவே ஒரு வெள்ளை நாடா. ஒட்டாவா நகரமண்டபத்தின் முன்னாலும் குளிரூட்டிக் குழாய்கள் பதித்த சறுக்குதளம் இருக்கிறது. கால்வாய் மூடிய நாளிலும் அங்கே பிள்ளைகள் சறுக்குகிறார்கள். கால்வாய் ஐஸை விரைந்து கட்டியெழுப்பும் வழிகளைக் கார்ல்ற்றன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஆணைக்குழுவோடு சேர்ந்து தேடுகிறார்கள். ஐஸ் கூழைப் பீச்சிப் பார்க்கிறார்கள், நீரின் சூட்டை உறிஞ்சி வெளியே விடும் குழாய்களை நட்டுப் பார்க்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் நான் நன்றியோடு இருக்கிறேன்.

இருந்தாலும் வட்டத்தில் சுற்றுவது வேறு, வழியில் போவது வேறு. கால்வாயில் போகிறவன் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறான். பாலங்கள் தலைக்கு மேலே வருகின்றன. வளைவு திரும்பினால் டௌஸ் ஏரி விரிகிறது, காற்று நெஞ்சில் மோதுகிறது. கோடையில் படகு போகும் வழியில் நின்று தன் நகரத்தைக் கீழிருந்து பார்க்கிறான். அந்தப் பார்வையை ஒரு தளத்துக்குள் அடைக்கமுடியாது. வானம் இலவசமாகத் தரும் குளிரை மின்சாரத்தால் விலைக்கு வாங்கத் தொடங்கும்போது, வாங்கக்கூடியவர்களுக்கு மட்டும் பனிக்காலம் எஞ்சும்.

இனிமையும் இழப்பும்

இளஞ்சூட்டு நாளில் வெயிலை முகத்தில் வாங்கிக்கொள்வது குற்றமில்லை. நீண்ட இருளுக்கு நடுவே உடம்பு அதைக் கேட்கிறது. வயதானவர்கள் வெளியே வருகிறார்கள். வீட்டைச் சூடாக்கும் செலவும் கொஞ்சம் குறையும். இதையெல்லாம் மறுத்துவிட்டுத் துயரப்படுவது பொய்யாகிவிடும்.

ஆனால் இந்த இனிமைக்கு மறுநாள் ஒரு விலை உண்டு. உருகிய நீர் நடைபாதையில் உறைந்து, முதல்நாள் வெளியே வந்த அதே வயோதிபர் வழுக்கி விழுகிறார். உறுதியான குளிரில் காலின் கீழ் கறகறவென்று பிடிகொடுக்கும் பனி, இளகி உறைந்தபின் காலை வாருகிறது. பனிக்காலம் முன்னைவிட இலேசாகிவிட்டது என்று சொல்லமுடியாது. வெளியே போய் விளையாடும் நாட்கள் குறைந்து, உள்ளே இருந்து தாங்கிக்கொள்ளும் நாட்கள் கூடிவிட்டன. இருளும் நீளமும் அப்படியே இருக்கின்றன. அவற்றை ஈடுசெய்த மகிழ்ச்சி மட்டும் கழிகிறது.

வெள்ளமும் காட்டுத்தீயும் வீடுகளைக் கொண்டுபோகும் காலத்தில் சறுக்கு விளையாட்டுக்காக வருந்துவது சிறுமை இல்லையா என்று என்னை நானே கேட்டிருக்கிறேன். இல்லை என்றுதான் பதில் வருகிறது. ஒரு குளிர்நாட்டில் மனிதர் ஐந்து மாதம் வாழ்வதற்கு உணவும் வெப்பமும் போதுமென்றால், கதவைத் திறக்காமலே வாழ்ந்துவிடலாம். அயலவரின் முகம் பார்க்க, பிள்ளை விழுந்து எழும்ப, அம்மம்மா ஓர் அந்நிய நிலத்தின் மேல் நிமிர்ந்து நிற்க, வெளியே ஓர் இடம் வேண்டும். குளிர் அந்த இடத்தை ஆண்டுதோறும் செய்து தந்தது. அதை நாம் செல்வமென்று கணக்கில் எழுதவில்லை. குறையென்றே எழுதிவந்தோம். எழுதாத செல்வம் போகும்போது எவரும் முறைப்பாடு செய்யமாட்டார்கள்.

ஆகவே எனக்கு நானே சில ஒழுங்குகளை வைத்துக்கொள்கிறேன். கொடி பச்சையாகும் நாளில், வேலை எவ்வளவு இருந்தாலும், போகவேண்டும். புதிதாக வந்த குடும்பம் ஒன்றையாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும். சறுக்கிப் பழகாத பிள்ளை, சறுக்குவழி இல்லாமல் போனால் எதை இழந்தோம் என்று அறியாது. கொடி சிவப்பாக நிற்கும் நாளையும் நாட்குறிப்பில் எழுதவேண்டும். பஸ் சேவை, வீட்டுச் சூடாக்கி, எரிவாயு, மின்சாரம் என்று எந்தக் கேள்வி வாக்குக்கு வந்தாலும், வாக்குச்சீட்டில் கால்வாயின் பெயர் இருக்காது. அது அங்கே எழுதப்பட்டிருப்பதாகவே எண்ணி என் வாக்கைப் போடவேண்டும்.